கவுண்ட் நார்மல்: ஒரு பவுண்டரித் தொழிலாளியின் விந்தணுவுக்குள் உடைந்திருந்த டிஎன்ஏ

அந்தப் பெண் கொண்டுவந்த துணிப்பையில் மூன்று கோப்புகள் இருந்தன. மூன்றும் அவருடையவை. ஹார்மோன் பரிசோதனைகள், கருக்குழாய் எக்ஸ்ரே, லேப்ராஸ்கோப்பி, எண்ணிக்கை மறந்துபோன ஸ்கேன்கள். கணவருக்கென்று இருந்தது ஒரே ஒரு தாள். நாலு வருடத்துக்கு முன் எடுத்த விந்துப் பரிசோதனை. அதன் கீழே பேனாவால் 'நார்மல்' என்று எழுதி வட்டம் போட்டிருந்தார்கள்.

கோவையில் ஆண்களின் குழந்தையின்மைக்குச் சிகிச்சை பார்க்கிறவன் நான். இந்தத் தம்பதியின் சம்மதத்தோடு, அவர்களை அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றி, இந்த நிகழ்வை முழுதாக எழுதி வைக்கிறேன். நம்மூரில் இதேபோல ஒற்றைத் தாளோடு வருகிற ஆண்கள் நிறையப் பேர் என்பதுதான் காரணம்.

வந்தபோது இருந்த நிலை

கணவருக்கு 34 வயது, மனைவிக்கு 29. திருமணமாகி ஆறு வருடம். அன்னூர்ப் பக்கம் வீடு. அவர் கோவை கணபதிப் பகுதியில், இரும்பை உருக்கி வார்க்கும் ஒரு பவுண்டரியில் பதினொரு வருடமாக வேலை செய்கிறார்; அதில் கடைசி ஏழு வருடம் மெல்ட்டிங் செக்‌ஷனில், உலைக்குப் பக்கத்தில். மனைவி ஒரு நூல் மில்லில் கணக்கெழுதுகிறார்.

முதல் இரண்டு வருடம் கரு தங்கவில்லை. மனைவிக்கு எல்லாப் பரிசோதனையும் நடந்தது. குறை ஒன்றும் தெரியவில்லை. முட்டை வளர மாத்திரை கொடுத்தார்கள். மூன்றாம் வருடம் தானாகவே கருத்தரித்து, ஏழாவது வாரத்தில் கலைந்தது. அப்புறம், விந்தைக் கழுவிக் கருப்பைக்குள் செலுத்தும் ஐயுஐ மூன்று முறை. மூன்றாவதில் கரு தங்கியது. எட்டாவது வார ஸ்கேனில் இதயத் துடிப்பு இல்லை. அதற்குப் பிறகு, கடன் வாங்கி ஒரு முறை இக்ஸி, அதாவது ஒவ்வொரு முட்டைக்குள்ளும் ஒரு விந்தணுவை ஊசியால் செலுத்துவது. பதினொரு முட்டை எடுத்தார்கள், ஒன்பது கருவுற்றன. மூன்றாம் நாள் வரை எட்டு கருக்கள் நன்றாக வளர்ந்தன. ஐந்தாம் நாள் மிஞ்சியது ஒன்று, அதுவும் தரம் குறைந்தது. அதை வைத்தார்கள், தங்கவில்லை.

"எனக்கு ஒண்ணும் இல்லீங்க சார். இவளுக்குத்தானுங்க நிக்க மாட்டேங்குது" என்றார் கணவர். கோபமாகச் சொல்லவில்லை. ஆறு வருடமாக எல்லாரும் அவரிடம் சொல்லிவந்ததை அப்படியே என்னிடம் சொன்னார். மனைவி அதற்குப் பதில் பேசவில்லை. "மாமாவுக்கு கவுண்ட் நார்மல்னு அப்பவே சொல்லிப்போட்டாங்கங்க" என்று அந்தத் தாளை எடுத்து என் பக்கம் நகர்த்தினார். நாத்தனார் வளைகாப்புக்குத் தன்னை வரவேண்டாம் என்று சொன்னதை மூன்றாவது முறை வந்தபோதுதான் சொன்னார்.

'மாமா' என்று அவர் கூப்பிட்டதால் ஒன்று கேட்டாக வேண்டியிருந்தது. கொங்கு வீடுகளில் கணவரை மாமா என்பது பழக்கம். அதை வைத்துச் சொந்தத்தில் கட்டியதாக முடிவு செய்ய முடியாது. ஆனால் அத்தை மகன், தாய்மாமன் என்று ரத்த உறவில் திருமணம் நடந்த குடும்பங்களில், தாய் தந்தை இருவரிடமிருந்தும் ஒரே பழுதான ஜீனைப் பிள்ளை வாங்கிக்கொள்ள வாய்ப்பு கூடும். விந்தணுவின் வால் சரியாக உருவாகாத நோய்களில் பல அப்படி வருபவை. டிஎன்ஏஹெச்1 என்ற ஜீன் பழுதானால் வால் குட்டையாக, சுருண்டு, ஒழுங்கற்று இருக்கும். டிபிஒய்19எல்2 என்ற ஜீன் இல்லாவிட்டால் விந்தணுவின் தலை உருண்டையாகி, முட்டையைத் துளைக்கும் தொப்பியே இல்லாமல் போகும். ஆகவே கணவரின் அப்பா, அம்மா உறவா என்றும் கேட்டேன். இரண்டு தலைமுறையிலும் இல்லை. ஜிம் ஊசி, டெஸ்டோஸ்டிரோன் ஊசி எதுவும் போட்டதில்லை. அம்மைக்கட்டு வந்து விரை வீங்கியதில்லை. ஒரு நாளைக்குப் பத்து சிகரெட்.

பழைய தாளில் என்ன இருந்தது

அளவு 2.1 மில்லி. ஒரு மில்லியில் 2.4 கோடி விந்தணு. முன்னோக்கி நீந்துபவை 33 சதவீதம். சரியான வடிவம் கொண்டவை 4 சதவீதம். அப்போது புழக்கத்தில் இருந்த உலக சுகாதார நிறுவனத்தின் 2010 கையேட்டின்படி கீழ்வரம்புகள் 1.5 கோடி, 32 சதவீதம், 4 சதவீதம். 2021-இல் வந்த ஆறாம் பதிப்பில் இவை 1.6 கோடி, 30, 4 என்று கொஞ்சம் மாறின. எப்படிப் பார்த்தாலும் அவர் வரம்புக்குள் இருந்தார், ஆனால் விளிம்பில்.

இந்த வரம்பு எங்கிருந்து வந்தது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. ஓராண்டுக்குள் மனைவி கருத்தரித்த ஆண்களை வரிசையில் நிறுத்தினால், அடியில் இருக்கும் 5 சதவீதம் பேர் எங்கே முடிகிறார்களோ அங்கே போட்ட கோடு அது. கோட்டுக்கு மேலே இருப்பவருக்குப் பிள்ளை நிச்சயம் என்றோ, கீழே இருப்பவருக்குக் கிடையாது என்றோ அது சொல்லவில்லை. மைக்ரோஸ்கோப்பில் தெரிவது எத்தனை, எப்படி ஓடுகின்றன, பார்க்க எப்படி இருக்கின்றன என்ற மூன்றும்தான். உள்ளே இருக்கும் சரக்கு முழுசாக இருக்கிறதா என்பது அதில் தெரியாது.

இன்னொன்று. ஆறு வருடத்தில் அவருடைய உடம்பை யாருமே பரிசோதிக்கவில்லை. அதை எழுதவே எனக்கு வலிக்கிறது. அந்தப் பெண்ணுக்கு வயிற்றில் துளை போட்டுக் கேமரா விட்டுப் பார்த்தாகிவிட்டது. இவரை நிற்க வைத்து இரண்டு நிமிடம் தொட்டுப் பார்க்கவில்லை.

தொட்டுப் பார்த்ததும், சோதனைகளும்

நிற்க வைத்துப் பார்த்தேன். இடது விரைக்கு மேலே, முக்கச் சொல்லாமலே, புடைத்த நரம்புகள் (ரத்தத்தைத் திரும்பக் கொண்டுபோகும் சிரைகள்) வெளியே தெரிந்தன. தொட்டால் பைக்குள் மண்புழுக்கள் போல. மூன்றாம் நிலை வெரிகோசீல். வலது விரை 17 மில்லி, இடது 13 மில்லி. விந்து நாளங்கள் இரண்டு பக்கமும் கைக்குத் தட்டுப்பட்டன. அவை இல்லாமலே பிறக்கிறவர்கள் உண்டு. அவர்களில் பலருக்கு ஏழாவது குரோமோசோமில் உள்ள சிஎஃப்டிஆர் ஜீனில் பழுது இருக்கும்.

புதிய விந்துப் பரிசோதனை, மூன்று வார இடைவெளியில் இரண்டு முறை எடுத்தோம். முதலில் மில்லிக்கு 1.1 கோடி, பிறகு 1.3 கோடி. முன்னோக்கி ஓடுபவை 22, 24 சதவீதம். வடிவம் 3 சதவீதம். வெள்ளணுக்கள் அதிகமில்லை, ஆகவே தொற்று காரணமல்ல. விந்தணு உற்பத்தியைத் தூண்டும் ஹார்மோனான எஃப்எஸ்ஹெச் 7.8, ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் 410. ஆக, நாலு வருடத்தில் எண்ணிக்கை பாதியாகியிருந்தது.

இரண்டு கருச்சிதைவு நடந்ததால் இருவருக்கும் குரோமோசோம் பரிசோதனை செய்தோம். 46,எக்ஸ்ஒய், 46,எக்ஸ்எக்ஸ், இரண்டும் சரி. ஒய் குரோமோசோமில் சின்னத் துண்டு ஏதும் காணாமல் போயிருக்கிறதா என்று பார்க்கும் நுண்நீக்கப் பரிசோதனையை இக்ஸி செய்த இடத்தில் எடுத்திருந்தார்கள் என்பது, அங்கே கேட்டபோது தெரிந்தது; நீக்கம் இல்லை. எண்ணிக்கை 50 லட்சத்துக்குக் கீழே போனால்தான் அதைக் கட்டாயம் கேட்பேன். ஒய் குரோமோசோமின் நீண்ட கையில் விந்தணு உற்பத்திக்கான ஜீன்கள் இருக்கின்றன என்று டியெபோலோ, சுஃபார்டி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1976-இல் காட்டினார்கள். அந்தப் பகுதிக்கு ஏஇசட்எஃப் என்று பெயர். ஏ, பி, சி என மூன்று துண்டு. சி துண்டு இல்லாதவருக்கு விரையிலிருந்து விந்தணு எடுத்து இக்ஸி செய்ய வாய்ப்பு இருக்கிறது, ஆனால் பிறக்கும் ஆண்பிள்ளைக்கு அதே குறை அப்படியே போகும். ஏ அல்லது பி துண்டு முழுதாக இல்லாவிட்டால் விரையில் தேடுவது வீண். அறுவைக்கு முன்னாலேயே அதைச் சொல்லிவிட வேண்டும். ஒரு ரத்தப் பரிசோதனை ஒரு குடும்பத்தை வீண் செலவிலிருந்து காப்பாற்றும் இடம் அது. இவருக்கு அந்தச் சிக்கல் இல்லை.

மிச்சம் இருந்தது டிஎன்ஏ உடைவுப் பரிசோதனை. முதல் முறை பார்க்க வருகிற எல்லாருக்கும் இதை எழுதித் தருவதில்லை. செலவு கூடியது, முடிவு வந்தாலும் சிகிச்சை மாறாத சந்தர்ப்பங்கள் பல. திரும்பத் திரும்பக் கரு கலைந்தவர்களுக்கு இது பொருத்தம் என்பது என் கருத்து. இந்தத் தம்பதி விஷயத்தில் என்னை அதன் பக்கம் தள்ளியது இக்ஸி அறிக்கைதான். எட்டு கருக்கள் மூன்றாம் நாள் வரை வந்து, ஐந்தாம் நாளில் ஒன்றாகக் குறைந்திருந்தன. கருவின் முதல் இரண்டு மூன்று நாள் ஓட்டம் முட்டை சேர்த்து வைத்த இருப்பில் நடப்பது. நாலு முதல் எட்டு செல் ஆகும்போதுதான் கருவின் சொந்த ஜீன்கள் விழிக்கின்றன. அப்பாவின் டிஎன்ஏ வேலைக்கு அழைக்கப்படுவதும் அப்போதுதான். அழைக்கும்போது அங்கே உடைவு இருந்தால் கரு நின்றுவிடும். மூன்றாம் நாளுக்குப் பிறகு கொத்தாகக் கருக்கள் விழுந்தால் விந்தணுவின் மேலும் சந்தேகம் வைக்க வேண்டும்.

முடிவு வந்தது. உடைவு 44 சதவீதம், அதாவது நூறு விந்தணுவில் 44-க்குள் டிஎன்ஏ உடைந்திருந்தது. 30-க்கு மேல் போனாலே கவலைப்படுகிறோம்.

உள்ளே என்ன நடந்தது

அவருக்கு நான் சொன்ன விதத்திலேயே இங்கேயும் சொல்கிறேன். மில்லில் வேலை செய்யும் மனைவி பக்கத்தில் இருந்ததால் உதாரணம் தேட வேண்டியிருக்கவில்லை.

ஒரு விந்தணுவின் தலைக்குள் இருக்கும் டிஎன்ஏவை நீட்டினால் ஏறக்குறைய ஒரு மீட்டர் வரும். தலையின் நீளம் ஒரு மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்கு. மற்ற செல்களில் டிஎன்ஏ ஹிஸ்டோன் என்ற புரதத்தைச் சுற்றித் தளர்வாக இருக்கிறது, பிரித்துவிட்ட பஞ்சுபோல. விந்தணு உருவாகும் கடைசிக் கட்டத்தில் ஹிஸ்டோனில் பெரும்பகுதியைக் கழற்றிவிட்டு புரோட்டமின் என்ற சின்னப் புரதம் ஏறுகிறது. பஞ்சை அழுத்திப் பேல் போட்டுக் கம்பி கட்டுகிற மாதிரி. புரோட்டமின்களுக்கிடையே கந்தகப் பிணைப்புகள் உருவாகி அந்தக் கட்டை இறுக்குகின்றன. மனிதரில் புரோட்டமின் 1, புரோட்டமின் 2 என இரண்டு வகை, ஏறக்குறைய சம அளவில். விகிதம் கெட்டால் பேல் தளர்கிறது.

முறுக்கி அடுக்கும்போது இழை சிக்காமலிருக்க, செல் தானே டிஎன்ஏவை அங்கங்கே வெட்டி, தளர்த்தி, மறுபடி ஒட்டும். ஒட்டாமல் விட்டுப்போன வெட்டுகள் அப்படியே பேலுக்குள் போய்விடும். முதல் உடைவு இங்கே வருகிறது.

இரண்டாவது உடைவு சூட்டாலும் ஆக்சிஜனாலும். விரைகள் உடம்புக்கு வெளியே தொங்குவதற்குக் காரணம் இருக்கிறது. உடல் வெப்பத்தைவிட 2 முதல் 4 டிகிரி குறைவாக இருந்தால்தான் உற்பத்தி ஒழுங்காக நடக்கும். விரைக்கு மேலே உள்ள நரம்புப் பின்னல், கீழே இறங்கும் தமனி ரத்தத்தின் சூட்டை வாங்கிக்கொண்டு மேலே போகிறது. வெரிகோசீலில் அந்த ஏற்பாடு குலைகிறது. இடது பக்க நரம்பு நீளமானது, சிறுநீரக நரம்பில் செங்கோணத்தில் போய்ச் சேருகிறது. வால்வு பழுதானால் ரத்தம் திரும்பிக் கீழே வந்து தேங்கும். பெரும்பாலும் இடது பக்கமே வருவதற்கு இதுதான் காரணம். பொதுவாக ஆண்களில் 15 சதவீதம் பேருக்கு வெரிகோசீல் இருக்கிறது, குழந்தையின்மைக்காக வருபவர்களில் 40 சதவீதம் வரை.

சூடு கூடினால், பிரிந்துகொண்டிருக்கும் இளம் விந்துச் செல்கள் தங்களைத் தாங்களே அழித்துக்கொள்ளத் தொடங்கும். அழிவு முடிந்தால் எண்ணிக்கை குறையும். பாதியில் நின்றால், டிஎன்ஏ வெட்டுப்பட்ட செல் விந்தணுவாகவே வெளியே வந்துவிடும். அதோடு, தலைக்குக் கீழே நடுப்பகுதியில் வரிசையாகச் சுற்றியிருக்கும், ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாக்களிலிருந்து எலெக்ட்ரான் கசிந்து, பக்கத்தில் இருப்பதையெல்லாம் தாக்கும் ப்ரீ ரேடிக்கல்கள் உண்டாகின்றன. விந்தணுவின் மேற்சவ்வு டிஹெச்ஏ போன்ற கொழுப்பு அமிலங்கள் நிறைந்தது, சீக்கிரம் காறிப்போகும், பழைய எண்ணெய்போல. சவ்வு காறினால் ஓட்டம் குறையும். இழை தாக்கப்பட்டால் உடையும்.

மற்ற செல்கள் இந்தப் பழுதைத் தாமே சரிசெய்துகொள்ளும். விந்தணுவிடம் அதற்கான சாமான் இல்லை. செல் நீர்மம் எல்லாவற்றையும் உதறிவிட்டு வாலும் தலையுமாக ஓடுகிற ஒன்று அது. ஓஜிஜி1 என்ற நொதி மட்டும் டிஎன்ஏவில் கெட்டுப்போன எழுத்தைக் கிள்ளி எடுக்கும். அந்த இடத்தை நிரப்பும் அடுத்த கை அங்கே கிடையாது. மிச்ச வேலை முட்டைமேல் விழுகிறது. வயது குறைந்த முட்டை ஓரளவு தைத்துவிடும். அந்தப் பெண்ணுக்கு இரண்டு முறை கரு தங்கியதே அவருடைய முட்டையின் வலிமையால்தான் என்று நினைக்கிறேன். இதைச் சொன்னபோது அவர் முதல்முறையாகக் கண் கலங்கினார். கணவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த மனிதருக்கு மூன்றும் சேர்ந்துவிட்டன. வெரிகோசீல், சிகரெட், அப்புறம் 1,400 டிகிரியில் இரும்பு உருகும் உலைக்கு முன்னால் ஒரு நாளைக்கு ஒன்பது பத்து மணி நேரம். வீட்டில் அவருடைய அம்மா 'உடம்புச் சூடு' என்று சொல்லி வாரம் இரண்டு முறை நல்லெண்ணெய் தேய்த்துக் குளிக்க வைத்து, கொள்ளு ரசத்தை நிறுத்தி, இளநீர் கொடுத்து வந்தாராம். அந்த அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். சூடு என்ற வார்த்தை சரியாகத்தான் அவர் வாயில் வந்திருக்கிறது. எங்கிருந்து வருகிறது என்று சொல்ல யாரும் இல்லை.

என்ன செய்தோம்

முதலில் மாத்திரைகளை நிறுத்தினேன். மூன்று இடங்களில் எழுதிக் கொடுத்த ஆன்ட்டிஆக்சிடன்ட், துத்தநாகம், போலிக் ஆசிட் எல்லாமாக மாதம் நாலாயிரம் ரூபாய்க்கு மேல் போய்க்கொண்டிருந்தது. ப்ரீ ரேடிக்கல்தான் பகை என்றால் அதை அடக்கும் மாத்திரை உதவ வேண்டும் என்று தோன்றும். அமெரிக்காவில் 2,370 தம்பதிகளை வைத்து நடந்த ஆய்வு 2020-இல் வெளிவந்தது. ஆறு மாதம் துத்தநாகமும் போலிக் ஆசிட்டும் கொடுத்தும் பிறப்பு கூடவில்லை. மாத்திரை சாப்பிட்டவர்களில் டிஎன்ஏ உடைவு சற்று அதிகமாகவே இருந்தது. அதன் பிறகும் பை நிறைய மாத்திரை எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

அப்புறம் அறுவை. அடிவயிற்றுக்குக் கீழே சின்னக் கீறல், மைக்ரோஸ்கோப் வழியாகத் தமனியையும் நிணநாளங்களையும் விட்டுவிட்டுப் புடைத்த நரம்புகளை மட்டும் கட்டினோம். மறுநாள் வீட்டுக்குப் போனார். இரண்டு வாரம் பாரம் தூக்கவில்லை.

வேலைதான் கடினமான பகுதி. மெல்ட்டிங் செக்‌ஷனில் சம்பளம் அதிகம். இக்ஸிக் கடன் வேறு. "எடம் மாத்திக் கேட்டா ஏனுங்கிறாங்க, என்னங்க சொல்றது?" என்று கேட்டார். முதுகுவலி என்று சான்று தரச் சொன்னார். பொய்ச் சான்று தரமாட்டேன் என்றேன். அறுவைக்குப் பின் வெப்பமான இடத்தில் வேலை கூடாது என்று, உண்மையைக் காரணம் விவரிக்காமல் எழுதிக் கொடுத்தேன். முதலாளி ஒரு மாதம் இழுத்து, பிறகு இன்ஸ்பெக்‌ஷனுக்கு மாற்றினார். மாதம் மூவாயிரத்து ஐநூறு குறைந்தது. சிகரெட்டை ஒரேயடியாக விடவில்லை. மூன்றாம் மாதம் வாக்கில் நின்றது.

கடைசியாக ஒரு சின்ன மாற்றம், செலவே இல்லாதது. 'சத்து சேர' ஏழெட்டு நாள் இடைவெளி விடச் சொல்லி அவர்களுக்கு முன்பு யாரோ சொல்லியிருந்தார்கள். உடைவு அதிகம் உள்ளவருக்கு இது எதிர்மாறு. விரையிலிருந்து வந்த விந்தணு, விரையை ஒட்டியிருக்கும் மேல்நாளச் சுருளில் (எபிடிடிமிஸ்) காத்திருக்கிற ஒவ்வொரு நாளும் ப்ரீ ரேடிக்கலில் ஊறுகிறது. ஆகவே ஒருநாள் விட்டு ஒருநாள் சேரச் சொன்னேன்.

இதெல்லாம் பலிக்காவிட்டால் விரையிலிருந்து நேரடியாக விந்தணு எடுத்து இக்ஸி செய்வது என்று பேசி வைத்திருந்தோம். அங்கே உடைவு குறைவாக இருக்கும்.

பின்தொடர்ந்தது

ஒரு விந்தணு உருவாக 74 நாள், அது சுருளைக் கடந்து வெளியே வர இன்னும் ஓரிரு வாரம். மூன்று மாதத்துக்கு முன்னால் சோதித்தால் பழைய சரக்குதான் வரும். மூன்றாம் மாதம் எண்ணிக்கை 1.7 கோடி, உடைவு 33 சதவீதம். ஆறாம் மாதம் 2.6 கோடி, ஓட்டம் 36 சதவீதம், உடைவு 21. ஒன்பதாம் மாதம் மனைவிக்கு நாள் தள்ளிப்போனது. எட்டாவது வார ஸ்கேனுக்கு அவர் தனியாக உள்ளே போக மறுத்து, கணவரின் கையைப் பிடித்துக்கொண்டே போனதாக மகப்பேறு மருத்துவர் சொன்னார். துடிப்பு இருந்தது. 38-ஆவது வாரத்தில் பெண் குழந்தை, 2.8 கிலோ.

எது குணப்படுத்தியது என்று பிரித்துச் சொல்ல என்னிடம் வழி இல்லை. அறுவை, வேலை மாற்றம், சிகரெட், இடைவெளி எல்லாம் ஒரே அரை வருடத்தில் மாறின. அதற்கு முன்னரும் தானாக ஒருமுறை கரு தங்கிய தம்பதி இவர்கள். ஒன்றுமே செய்யாமலும் தங்கியிருக்கலாம். வெரிகோசீல் அறுவைக்குப் பின் உடைவு குறைவதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் ஒவ்வொருவருக்கும் குறையும் என்றில்லை. ஒருவரின் கதையை வைத்து எல்லாருக்கும் கத்தி வைக்கக் கூடாது. சிகிச்சை பற்றி இவ்வளவுதான் உறுதியாகச் சொல்வேன். ஆனால் பரிசோதனை பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை: இவரை முதல் வருடமே நிற்க வைத்துப் பார்த்திருந்தால் அந்த நரம்பு அன்றைக்கே கண்ணில் பட்டிருக்கும், லேப்ராஸ்கோப்பிக்கு முன்னால், இரண்டு கருச்சிதைவுக்கு முன்னால்.

குழந்தைக்கு நாலு மாதம் ஆனபோது இருவரும் வந்தார்கள். அவருடைய அம்மா குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே உட்கார்ந்திருந்தார். அவர்களோடு இன்னொரு இளைஞரும் வந்திருந்தார், மெல்ட்டிங் செக்‌ஷனில் இவருடைய இடத்துக்கு வந்தவர். திருமணமாகி ஒன்றரை வருடம்.

"இவன் சம்சாரத்துக்கு இன்னும் ஒரு டெஸ்ட்டும் எடுக்கலீங்க சார்" என்றார். "மொதல்ல இவனைப் பாருங்க."